கனமான பழைய லேப்டாப்பா? கழித்துக்கட்ட அவசரம் வேண்டாம்!

இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைக்காகவோ, வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்ப்பவருக்காகவோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் பல வீடுகளில் இருக்கிறது. லெனோவோ திங்க்பேட் டபிள்யூ 530, டெல் பிரிசிஷன் எம் 4800, எச்பி இசட்புக் 15 என்று 2012, 2013 வாக்கில் வந்த மாடல்கள். கம்பெனிகள் மாற்றிய பிறகு சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்கள் வழியாக நம் கைக்கு வந்தவை. தூக்கினால் கனம்தான். ஆனால் கழற்றிப் பார்க்கவும் பாகத்தை மாற்றவும் இடம் விட்டுக் கட்டிய மெஷின்கள் இவை. இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமையே போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அதனால் இந்தப் பழசைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் பெரிய செலவைத் தள்ளிப்போடலாம், நண்பர்களே.

1. லேப்டாப் ஆன் ஆகவே இல்லையா? அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகிப் பாருங்கள். உயிர் வந்துவிட்டால் கோளாறு பேட்டரியிலோ, உள்ளே தேங்கி நின்ற மின்சாரத்திலோதான். காசில்லாத வைத்தியம் என்பதால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

2. "மெஷின் ரொம்ப ஸ்லோ" என்று சொல்லும் முன் அடாப்டரைத் திருப்பி, எத்தனை வாட் என்று படியுங்கள். டபிள்யூ 530-க்கு 170 வாட், எம் 4800-க்கு 180 வாட், இசட்புக் 15-க்கு 150 வாட் அடாப்டர் தேவை. பின் பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் 65 அல்லது 90 வாட் அடாப்டரைச் செருகினால் பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சார்ஜும் ஒழுங்காக ஏறாது.

3. டெல் அடாப்டரின் நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய பின் உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்ற தகவல் மெஷினுக்குப் போவது அதன் வழியாகத்தான். அது வளைந்தாலோ உடைந்தாலோ, ஆன் செய்யும்போது அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று செய்தி வரும், பேட்டரி சார்ஜ் ஆகாது, வேகமும் படுத்துவிடும். புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் தெரிந்தவர் வீட்டு டெல் அடாப்டரை ஒரு மணி நேரம் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள்.

4. உலோக உடம்பைத் தொட்டால் கையில் சுறுசுறு என்று ஷாக் தெரிகிறதா? மூன்று பின் வயரை இரண்டு பின் கன்வர்ட்டரில் போட்டிருப்பீர்கள். எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

5. ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். லெனோவோ, டெல், எச்பி மூன்றுமே இந்த வரிசை மாடல்களுக்குக் கழற்றும் முறையைப் படத்தோடு இலவசமாகவே தருகின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, எதற்குப் பிறகு எதைக் கழற்றுவது என்று எல்லாம் அதில் இருக்கும். வேறு ஏதோ மாடலுக்கு எடுத்த வீடியோவைப் பார்த்து நெம்பி, கிளிப்பை உடைப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

6. ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் தோராயமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் செலோ டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் முடுக்கினால் மதர்போர்டையே குத்திவிடும்.

7. பாலியெஸ்டர் உடை, கார்ப்பெட், பிளாஸ்டிக் பாய் இவை மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது, ஸ்டாட்டிக் மின்சாரம் சேரும். பருத்தி உடுத்தி, மர மேஜையில் வைத்துக் கழற்றுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, போர்டில் கை வைக்கும் முன் ஏதாவது எர்த் ஆன உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

8. ஃபேன் கத்துகிறது, கீபோர்டு சுடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானே ஆஃப் ஆகிறது என்றால் பத்து வருடத் தூசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெளியே இருந்து ஊதினால் பயனில்லை. ஃபேனுக்கும் அதை ஒட்டிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாகப் படிந்திருக்கும், ஊதினால் அது இன்னும் இறுகத்தான் செய்யும். மூடியைத் திறந்து, ஃபேனைத் தனியாக எடுத்து, படலத்தை ட்வீசரால் உரித்து எடுங்கள். மீதியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். புளோயர் பிடிப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். எல்லாக் குறிப்புகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு மதிய வேலை, செலவு ஏறக்குறைய பூஜ்யம், பலன் அன்றைக்கே தெரியும்.

9. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டோடு திரும்ப மாட்டாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, அரிசி மணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருந்தால் அதே வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

10. கிராஃபிக்ஸ் மெமரி சிப்புகளின் மேல் ரப்பர் மாதிரி மெத்தென்று இருப்பது தெர்மல் பேட். அது கிழிந்தால் அந்த இடத்தில் பேஸ்ட் தடவக் கூடாது, இடைவெளி பெரியது என்பதால் சிப்புக்கும் உலோகத்துக்கும் தொடர்பே இருக்காது. அதே தடிமனுள்ள பேட்தான் வேண்டும்.

11. திங்க்பேடில் ஆன் செய்ததும் ஃபேன் எரர் என்று காட்டி அணைந்துவிட்டால், வெறும் தூசியாகவும் இருக்கலாம், ஃபேன் செத்தும் போயிருக்கலாம். சுத்தம் செய்தும் வந்தால் ஃபேனை மாற்றுவதுதான் வழி. கடையில் மாடல் பெயர் மட்டும் சொன்னால் வேறு ஏதாவது வந்து சேரும். பழைய பாகத்தின் மேல் எஃப்ஆர்யூ என்று தொடங்கும் எண் ஒட்டியிருக்கும், அதை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

12. திரை வராமல் பீப் சத்தமோ விளக்குச் சிமிட்டலோ மட்டும் வந்தால் பதற்றப்படாதீர்கள், எங்கே வலிக்கிறது என்று மெஷினே சொல்கிறது. எத்தனை முறை, எந்த விளக்கு, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டு மேனுவலோடு ஒப்பிடுங்கள். ரேமா, பிராசசரா, கிராஃபிக்ஸா என்று அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

13. நீலத்திரை அடிக்கடி வருகிறதா? ரேமை வெளியே எடுத்து, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு அழுத்தி மாட்டுங்கள். அப்படியும் தொடர்ந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு, மெம்டெஸ்ட் 86 சோதனையை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமையோ, அது இருந்த ஸ்லாட்டையோ நம்பக் கூடாது.

14. மூடியைத் திறந்து இரண்டு ரேம் ஸ்லாட்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான டபிள்யூ 530, எம் 4800-களில் அடியில் இரண்டு, கீபோர்டுக்குக் கீழே இரண்டு என்று மொத்தம் நான்கு உண்டு. கீபோர்டுக்குக் கீழே காலியாக இருக்கிறதா என்று பார்த்தபின் வாங்கினால், இருக்கிற ரேமைத் தூக்கிப் போடாமலே புதிதாகச் சேர்க்கலாம்.

15. ரேம் வாங்கும்போது லேபிளில் பிசி3எல் என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அது 1.35 வோல்ட்டில் ஓடுவது, வெறும் பிசி3 என்றால் 1.5 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் உள்ள எம் 4800, இசட்புக் 15 வகைகளுக்கு 1.35-தான் வேண்டும். மூன்றாம் தலைமுறை டபிள்யூ 530-இல் இரண்டுமே ஓடும். இந்த மாடல்களில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி-தான் உச்சம், மொத்தம் 32. அதனால் 16 ஜிபி ரேம் ஒன்றை வாங்கிவந்து ஏமாறாதீர்கள்.

16. 32 வரை போகலாம் என்பதற்காக 32 போட வேண்டியதில்லை. வழக்கமான வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீட்டு வேலைக்கு 16 தாராளம். ரேம் லேசில் தேய்கிற பொருள் அல்ல, சோதித்துப் பார்த்த பழைய ரேம் வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

17. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறதென்றால் முதல் பணத்தை எஸ்எஸ்டிக்கு ஒதுக்குங்கள், ரேமுக்கு அப்புறம் பார்க்கலாம். பழைய டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி-யை ஒட்டித் தரும், 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி முள் அலைவது நின்றுவிடும். ஆன் ஆகி முடிவதற்குள் காபி போட்டுவிடலாம் என்ற நிலைமை மாறும். புது எஸ்எஸ்டி 7 மி.மீ. தடிமன் என்பதால் பழைய 9.5 மி.மீ. இடத்தில் ஆடும், அட்டையை அளவாக வெட்டி அடியில் கொடுத்தால் அசையாது.

18. விலை மலிவாக இருக்கிறதே என்று எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள், இந்த மாடல்களில் அதற்கு இடம் கிடையாது. டபிள்யூ 530-இலும் எம் 4800-இலும் உள்ளே இருக்கும் சின்ன ஸ்லாட் எம்சாட்டா, அது வேறு இனம். டபிள்யூ 530-இன் எம்சாட்டா 3 கிகாபிட் வேகம்தான், டிஸ்க் வைக்கும் பெரிய இடம் 6 கிகாபிட். ஆகவே நல்ல எஸ்எஸ்டியைப் பெரிய இடத்தில் போட்டு விண்டோஸை அதில் ஏற்றுங்கள்.

19. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வீணாக்க வேண்டாம். டிவிடி டிரைவை உருவிவிட்டு, அந்த இடத்தில் கேடி என்கிற தட்டில் டிஸ்க்கை வைத்துச் செருகினால் போட்டோ, வீடியோவுக்கு ஆகும். கேடி 9.5, 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில் வருகிறது, டிரைவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழைய டிரைவின் முகப்புப் பட்டையை மெதுவாகக் கழற்றிக் கேடியில் மாட்டினால் ஓட்டை தெரியாது.

20. டிஸ்க்கில் கட்கட் என்று சத்தம் கேட்டாலோ, ஃபைல் திறக்க இழுத்தாலோ, முதல் வேலை முக்கியமானவற்றைக் காப்பி எடுப்பதுதான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ரீஅலோகேட்டட், பெண்டிங் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிவிட்டது. ரிப்பேர் ஸ்கேன் என்று மறுபடி மறுபடி ஓட்டினால் இருக்கிற உயிரும் போய்விடும்.

21. தேதி, நேரம் தினமும் தவறாகக் காட்டுகிறதா? உள்ளே இருக்கும் சீமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பேங்க் சைட், மெயில் என்று பலவும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும், நெட்தான் போச்சு என்று நாம் அலைவோம். காசு மாதிரி வட்டமான 3 வோல்ட் செல்தான், ஆனால் லேப்டாப்புக்கு வயரும் கனெக்டரும் வைத்தே வாங்க வேண்டும். செல்லின் மேல் நீங்களே ஈயம் வைக்காதீர்கள், வெடிக்கலாம்.

22. மேலே சொன்ன செல்லைக் கழற்றும் முன் பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்) பக்கங்கள் அத்தனையையும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். டெல் பிரிசிஷனில் சாட்டா செட்டிங் ரெய்ட் என்றோ ஏஹெச்சிஐ என்றோ இருக்கும். செல் மாற்றியதும் அது மாறிப்போனால் விண்டோஸ் திறக்காமல் நீலத்திரை காட்டும், எஸ்எஸ்டியே போய்விட்டது என்று தோன்றும். பழைய செட்டிங்கைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

23. பேட்டரி நிலவரம் அறிய, கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துக் கொடுத்தால் விண்டோஸே அறிக்கை தரும். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாய்ச் சார்ஜ் ஆனால் இருக்கும் கொள்ளளவு இரண்டையும் ஒப்பிடுங்கள். எப்போதும் பிளக்கிலேயே ஓட்டுபவர் என்றால் பாதிக்குக் கீழே போனாலும் அவசரமில்லை, கரன்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைத்தால் போதும்.

24. டபிள்யூ 530 தலைமுறை திங்க்பேடுகள் அங்கீகாரமில்லாத பேட்டரியைக் கண்டால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அதனால் கடையிலேயே மாட்டி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள், வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கிய பேட்டரி பெட்டி பிரிக்காவிட்டாலும் பழசுதான்.

25. சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி லெனோவோவின் பேட்டரி செட்டிங்கில் உண்டு. டெல்லில் பயாஸிலேயே பிளக்கில் அதிகம் ஓட்டுபவர்களுக்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. ஒருமுறை வைத்துவிட்டால் பேட்டரி ஆயுள் கூடும்.

26. பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அந்த நிமிடமே ஓட்டுவதை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது.

27. சத்தம் வருகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துத் திரையை உற்றுப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் போய்விட்டது. எதுவுமே தெரியாமல், வெளி மானிட்டரில் மட்டும் படம் வந்தால் திரையோ அதன் கேபிளோ காரணம். மூடியை ஆட்டும்போது படம் வந்து வந்து போனால் அநேகமாகக் கேபிள்தான், முழுத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம்.

28. திரையில் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்தால் என்விடியா கிராஃபிக்ஸ் சிப்பைச் சந்தேகப்படலாம். டபிள்யூ 530 பயாஸில் டிஸ்ப்ளே பகுதியில் இன்டக்ரேட்டட் என்று மாற்றினால் இன்டெல் கிராஃபிக்ஸில் மெஷின் தொடர்ந்து ஓடும். ஆனால் வெளி மானிட்டர் போர்ட்டுகள் என்விடியா வழியாகப் போவதால் அவை வேலை செய்யாது. எழுத்து வேலை, கணக்கு, ஆன்லைன் வகுப்புக்கு இதுவே போதும்.

29. கிராஃபிக்ஸ் கார்டை ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. சமைக்கிற ஓவனில் எலக்ட்ரானிக்ஸ் சாமானை வைக்கவே கூடாது, கிளம்பும் புகை விஷம். சரியானாலும் கொஞ்ச நாளைக்குத்தான்.

30. எம் 4800-இல் கிராஃபிக்ஸ் கார்டு தனியே கழற்றக்கூடிய எம்எக்ஸ்எம் வகை, செத்துவிட்டால் அதே கார்டை வாங்கி மாட்டலாம். அதைவிடப் பெரிதாகப் போட ஆசைப்பட்டால் ஹீட்சிங்க் பொருந்துமா, பயாஸ் ஏற்குமா என்ற தொல்லைகள் வரும். அந்தக் காலத்து குவாட்ரோ கே வரிசைக்கு என்விடியா டிரைவர்கள் 470 வரிசையோடு நின்றுவிட்டன. என் கணக்கில் இதில் பணம் போடுவது லாபமில்லை.

31. வைஃபை மெதுவாக இருக்கிறதென்று டபிள்யூ 530-இல் புது கார்டு மாட்டினால் 1802 என்ற எண்ணோடு, அனுமதி இல்லாத கார்டு என்று சொல்லி நின்றுவிடும். லெனோவோவின் பட்டியலில் உள்ள கார்டை மட்டுமே அந்த பயாஸ் ஏற்கும். சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் செருகிக்கொள்வதே சுலபம்.

32. கீபோர்டில் காபி கொட்டிவிட்டதா? பிளக், பேட்டரி இரண்டையும் அந்த நொடியே எடுத்து, லேப்டாப்பைக் கூடாரம் மாதிரிக் கவிழ்த்து நிறுத்துங்கள். அரிசி டப்பாவுக்குள் வைப்பதால் சர்க்கரையும் பாலும் போகாது, கீபோர்டைக் கழற்றிக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீபோர்டு மட்டும் கெட்டிருந்தால் அடியில் உள்ள சில ஸ்க்ரூக்களைக் கழற்றி நாமே மாற்றிவிடலாம், அதுவரை யூஎஸ்பி கீபோர்டு கைகொடுக்கும்.

33. எறும்பு புகுந்தால் பூச்சி ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள், திரவம் போர்டைக் கெடுக்கும். சாப்பாட்டுத் தட்டை மேஜையை விட்டு எடுத்துவிட்டு, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டினால் தானே இடம் மாறும்.

34. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0-வும், இந்த மாடல்கள் மூன்று, நான்காம் தலைமுறை. நெட் பார்க்க, ஆவணம் தட்ட, படிக்க என்றால் லினக்ஸ் மின்ட் அருமையாக ஓடும், காசும் கிடையாது. டேலி, ஆட்டோகேட் தேவைப்படுகிறவர்கள் மாறும் முன் அவை அதில் ஓடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்ட்டைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பதை அழிக்க வேண்டியதில்லை.

35. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வாங்க வேண்டாம், திங்க்பேடில் சீமாஸ் செல்லைக் கழற்றினாலும் அது போகாது. கம்ப்யூட்ரேஸ் என்ற கண்காணிப்பு ஆக்டிவேட் ஆகியிருந்தாலும் விட்டுவிடுங்கள், பழைய கம்பெனியின் பிடி இன்னும் அதில் இருக்கிறது. அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, எல்லா போர்ட்டிலும் பென் டிரைவ் செருகிப் பார்த்து, ஒரிஜினல் அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்கள்.

36. மதர்போர்டில் சிப் லெவல் வேலை என்று கடைக்காரர் சொன்னால், அதே மாடல் முழு லேப்டாப் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். திரை உடைந்து போர்டு நன்றாக இருக்கும் அதே மாடல் ஒன்றை மலிவாக வாங்கினால், போர்டோடு உதிரி ஃபேன், கீபோர்டு, மூடி எல்லாம் கூடவே வந்துவிடும்.

37. கழற்றிய பேட்டரியையும் உடைந்த போர்டையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்காதீர்கள். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வைத்திருந்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள். டிஸ்க்கைக் கொடுக்கும் முன் அதிலுள்ள பேங்க் விவரம், குடும்பப் படங்களை முழுதாக அழித்தாகிவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.